சாவி தொங்கும் ஆணி

காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு வருபவர் அங்கே கொடுத்துவிட்டு வருவது சாவியைத்தான். வண்டியைத் திறப்பது, கிளப்புவது, வெளியே ஓட்டிப் போவது, இன்னொரு சாவி செய்துகொள்வது, டேஷ்போர்டு திரையில் வீட்டு முகவரியைப் பார்ப்பது என எல்லாமே அந்தச் சாவி யார் கையில் இருக்கிறதோ அவரால் முடியும். காரைப் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்பவர்களுக்கு சர்வீஸ் தேதி நெருங்கும்போது மனம் அடித்துக்கொள்வது இதனால்தான். பூட்டு, அலாரம், இம்மொபிலைசர் என்று வண்டிக்குள் எத்தனை காவல் இருந்தாலும், சொந்தக்காரரே சாவியை நீட்டும் இடத்தில் அத்தனையும் திறந்துகொள்கின்றன.

பெங்களூரு நகர மாவட்டத்தின் தெற்கு ஓரத் தாலுகா ஆனேக்கல். சந்தாபுரா, பொம்மசந்திரா, ஜிகனி, அத்திப்பள்ளி, சர்ஜாபுரா எல்லாம் இதற்குள் அடங்கும். ஒரு பக்கம் தொழிற்பேட்டைகள், அருகிலேயே எலக்ட்ரானிக் சிட்டி, ஊடே பெங்களூரையும் ஓசூரையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44. நெடுஞ்சாலை ஓரத்தில் கம்பெனி சர்வீஸ் சென்டர்கள். ஊருக்குள் தகரக் கூரை போட்ட மெக்கானிக் ஷெட்டுகள், டிங்கர் பட்டறைகள், கார் எலக்ட்ரீஷியன் கடைகள். சந்தாபுராவின் கேஏ-59 வண்டியும் ஓசூரின் டிஎன்-70 வண்டியும் ஒரே ஷெட்டில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது சாதாரணம். அத்திப்பள்ளியைத் தாண்டினால் தமிழ்நாடு. ஷெட்டை விட்டுக் கிளம்பும் வண்டி கொஞ்ச நேரத்திலேயே வேறு மாநிலக் காவல்துறையின் எல்லைக்குள் போய்விடும் என்பது இங்கே இந்தக் கவலைக்குத் தனிக் கனம் சேர்க்கிறது.

இதற்காக மெக்கானிக்குகள் மேல் பழி போடுவது அநியாயம். சின்ன ஷெட்டுக்காரருக்கு நல்ல பெயர்தான் முதலீடு. ஒரு வண்டி காணாமல் போனால் அவர் தொழிலே போய்விடும். வண்டிக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் ஷெட்டின் ஏற்பாட்டில் இருக்கும் ஓட்டைகள் வழியாகத்தான். முதல் ஓட்டை, சாவி தொங்கும் இடம்.

பல ஷெட்டுகளில் அது ஒரு பிளைவுட் பலகை. வரிசையாக ஆணிகள், ஒவ்வொரு ஆணியிலும் ஒரு சாவிக்கொத்து, கொத்தில் வண்டி எண் எழுதிய அட்டை. வேலை செய்பவர் எட்டி எடுக்க வசதியாகப் பலகையை வாசல் பக்கமே அடித்திருப்பார்கள். உள்ளே இடம் போதாமல் வண்டிகள் ரோட்டோரம் நிற்கும். ஸ்பேர் பார்ட்ஸ் கொண்டுவருபவர், தண்ணீர் கேன் போடுபவர், இன்ஷூரன்ஸ் சர்வேயர், தன் வண்டியைப் பார்க்க வந்தவர் என எல்லோரும் அந்தப் பலகையைக் கடந்துதான் போக வேண்டும். அட்டையில் இருக்கும் எண்ணும் வெளியே நிற்கும் வண்டியின் எண்ணும் ஒன்றே. பொருத்திப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

இப்படி யாரோ சாவியை எடுத்துப் போன ஒரு சம்பவம் உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. 1998 ஆகஸ்டில் டெல்லியின் தாஜ் மஹால் ஹோட்டலுக்கு வந்த ஒருவர், தம் மாருதி ஜென் காரின் சாவியை வாலே பார்க்கிங் ஊழியரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். நள்ளிரவு தாண்டித் திரும்பி வந்தபோது கார் இல்லை. வேறொரு வண்டியில் ஹோட்டலுக்கு வந்திருந்தவர்கள் அந்தச் சாவியை எடுத்துக் காரைக் கிளப்பிக்கொண்டு போயிருந்தார்கள். வண்டியை நிறுத்துவது உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில்தான் என்று பார்க்கிங் டோக்கனில் அச்சிட்டிருப்பதாக ஹோட்டல் வாதாடியது. 2019 நவம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் இதில் தீர்ப்புச் சொன்னது. சாவியை வாங்கிக்கொண்டவுடன் வண்டி ஹோட்டலின் பொறுப்பில் வந்துவிட்டது. தன் பக்கம் கவனக்குறைவு இல்லை என்று காட்ட வேண்டியது ஹோட்டல்தான். தன் கவனக்குறைவை டோக்கனில் அச்சிட்ட வாசகத்தைக் கொண்டு மூடிவிட முடியாது.

தீர்ப்பு ஹோட்டலைப் பற்றியதுதான். ஆனால் அது ஊன்றி நிற்கும் சட்டம் ஒர்க்‌ஷாப்புக்கும் அதேதான். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், ஒரு வேலைக்காகப் பொருளை இன்னொருவரிடம் கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்பப் பெறும் ஏற்பாட்டை 148-ஆம் பிரிவில் விளக்குகிறது. தைக்கக் கொடுத்த துணி, மெருகு போடக் கொடுத்த நகை, சர்வீஸுக்கு விட்ட கார் எல்லாம் இந்த ஒப்படைப்பில் சேரும். வாங்கிக்கொண்டவர் சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைக் காப்பது போல அதைக் காக்க வேண்டும் என்பது 151-ஆம் பிரிவு. “காணாமல் போகும் பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல” என்று சுவரில் எழுதி மாட்டியிருக்கும் போர்டைப் பார்த்துவிட்டு, வண்டியை இழந்தவர் பேசாமல் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை.

இதே சட்டத்தின் 154-ஆம் பிரிவு கார் ஆர்வலர்களின் இன்னொரு மனக்குறையைத் தொடுகிறது. வண்டி யாருக்காக, எவ்வளவு தூரம் ஓடியது? பிரேக், வீல் அலைன்மென்ட், ஓடும்போது மட்டும் வரும் சத்தம் போன்றவற்றை ரோட்டில் ஓட்டித்தான் பார்க்க முடியும். ட்ரையல் இல்லாமல் நல்ல ரிப்பேர் இல்லை. ஆனால் ட்ரையல் என்ற பெயரில் வண்டி சாப்பாடு வாங்கவும், ஆள் ஏற்றவும், ஞாயிற்றுக்கிழமை முத்தியால மடுவு அருவிக்கும் போய்வந்தால்? ஒப்படைத்த நோக்கத்தை மீறிப் பொருளைப் பயன்படுத்தினால், அப்போது நேரும் சேதத்துக்கு வாங்கிக்கொண்டவரே பொறுப்பு. அவர் கவனமாகத்தான் ஓட்டினார் என்பதும் அவரைக் காப்பாற்றாது. சட்டம் எழுதப்பட்ட காலத்தில் கார் கிடையாது; அதனால் அது குதிரையை உதாரணம் காட்டுகிறது. கல்கத்தாவிலிருந்து காசிக்குப் போக என்று சொல்லி ஒருவர் குதிரையை வாடகைக்கு எடுக்கிறார். காசிக்குப் போகாமல் கட்டக்குக்கு ஓட்டுகிறார். பதமாகத்தான் ஓட்டினார், ஆனாலும் குதிரை தடுக்கி விழுந்து காயப்பட்டது. பணம் கட்ட வேண்டியது ஓட்டியவர். காசி என்று சொல்லிவிட்டுக் கட்டக்குக்குப் போன அந்தக் குதிரைக்கும், பிரேக் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தளி ரோட்டில் தூரம் போன காருக்கும் சட்டத்தில் வேற்றுமை இல்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 197-ஆம் பிரிவின்படி, உரிமையாளரின் சம்மதமில்லாமல் வண்டியை எடுத்து ஓட்டுவது குற்றம். மூன்று மாதம் வரை சிறை, 2019 திருத்தத்துக்குப் பிறகு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அதே பிரிவில் ஒரு விலக்கும் உண்டு. உரிமையாளர் சம்மதித்திருப்பார் என்று நியாயமாக நம்பி ஓட்டியவரைத் தண்டிக்க முடியாது. சாவியை வாயால் எதுவும் சொல்லாமல் கொடுத்துவிட்டு வந்தவரின் புகார் வலுவிழப்பது இங்கேதான். வேலை விவரம் எழுதித் தரும் ஜாப் கார்டில் “ட்ரையல் 5 கி.மீ.க்குள்” என்று ஒரு வரி இருந்தால், அந்த நம்பிக்கைக்கு ஓர் எல்லை வந்துவிடுகிறது.

வண்டி எங்கே போனது என்பதை இப்போது சாலையே சொல்லிவிடுகிறது. 2021 பிப்ரவரி முதல் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயம். ஆனேக்கலில் விட்ட வண்டி அத்திப்பள்ளி டோலைத் தாண்டினால் அடுத்த சில நிமிடங்களில் உரிமையாளரின் போனுக்குக் குறுஞ்செய்தி வரும், நேரத்தோடும் தொகையோடும். பெங்களூருக்குள் போய் சிக்னலை மீறினால் கேமரா பிடித்து அபராதச் செலான் உரிமையாளர் பெயருக்கே வரும். ஓட்டியவர் யார் என்று காவல்துறை கேட்டால் சொல்ல வேண்டிய கடமையும் அவருக்கே. ஒர்க்‌ஷாப் வாசலில் ஓடோமீட்டரை எடுத்த ஒரு போட்டோ, அந்த நேரத்தில் வண்டி யார் பொறுப்பில் இருந்தது என்பதற்குச் சாட்சியாக நிற்கும்.

அடுத்தது கார் ஆர்வலர்களை உண்மையிலேயே தூங்கவிடாத கவலை: சாவியின் நகல். இன்றைய கார் சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சின்ன சிப் இருக்கிறது. சாவியைத் திருப்பும்போது அல்லது பட்டனை அழுத்தும்போது வண்டியின் கணினி அந்தச் சிப்பிடம் ஒரு கேள்வி கேட்கும். சரியான பதில் வந்தால்தான் என்ஜின் ஓடும். இதுதான் இம்மொபிலைசர். ஐரோப்பாவில் 1998 முதல் புதிய கார்களுக்கு இது கட்டாயம். அமெரிக்காவில் கட்டாயமில்லை, அதன் விளைவு 2021, 2022 வாக்கில் தெரிந்தது. இம்மொபிலைசர் இல்லாமல் அங்கே விற்கப்பட்ட ஹூண்டாய், கியா கார்களைச் சிறுவர்கள் யூஎஸ்பி வயரின் முனையை வைத்தே கிளப்பி ஓட்டிப்போன வீடியோக்கள் பரவி, ஊர் ஊராகத் திருட்டு பெருகியது.

சிப்பின் ரகசியக் குறியீட்டை உடைக்க முடியாதா என்றால், முடியும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஒரு சாவிச் சிப்பை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் ஆர்எஸ்ஏ ஆய்வகமும் சேர்ந்து 2005-இல் உடைத்துக் காட்டின. மெகாமோஸ் என்ற இன்னொரு வகையை உடைத்த ஆய்வை வெளியிட, ஃபோக்ஸ்வாகன் வாங்கிய நீதிமன்றத் தடையால் 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் திருடுபவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே கால் பக்கம் கையை விட்டால் தட்டுப்படும் ஒரு சாக்கெட், வரிசைக்கு எட்டாக இரண்டு வரிசைத் துளைகள், மொத்தம் 16. ஓபிடி போர்ட் என்பது அதுதான். புகையைக் கண்காணிக்கவும் பழுதைக் கண்டுபிடிக்கவும் வந்தது. அமெரிக்காவில் 1996 முதல் கட்டாயம். இந்தியாவில் 2010-இல் முதல் கட்டமும் 2013-இல் இரண்டாம் கட்டமும் வந்தன. செக் என்ஜின் விளக்கு எரிந்தால் மெக்கானிக் ஸ்கேனரைச் செருகுவது அங்கேதான். பல கார்களில் புதுச் சாவியைப் பதிவு செய்வதும் அதே வழியில்தான்.

சாவியைப் பதிவு செய்ய வேண்டியவை மூன்று: வண்டிக்குள் தனியாகக் கொஞ்ச நேரம், அதற்கான கருவி, அந்த வண்டியின் ரகசிய எண். ஏற்கெனவே உள்ள ஒரு சாவி கையில் இருந்தால் பல மாடல்களில் வேலை இன்னும் சுலபம். தெருவில் நிற்கும் காரில் இதெல்லாம் சேர்ந்து கிடைப்பது அரிது. ஒர்க்‌ஷாப்பில் நேரமும் சாவியும் தானாகவே கிடைத்துவிடுகின்றன. அங்கே பதிவான மூன்றாவது சாவி உடனே பயன்பட வேண்டும் என்பதில்லை. சில வாரம் கழித்து, வீட்டு வாசலில், கண்ணாடி உடையாமல் அலாரம் கத்தாமல் வண்டி போய்விடும். அப்போது யாருக்கும் சர்வீஸ் நினைவுக்கே வராது.

அதைவிட நுட்பமான ஓர் அபாயத்தை வாஷிங்டன் பல்கலைக்கழகமும் சான் டியாகோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஒர்க்‌ஷாப்பின் ஸ்கேனர் கருவிக்குள் தீங்கான மென்பொருள் ஒன்று நுழைந்துவிட்டால், அதன்பின் அந்தக் கருவி தொடும் ஒவ்வொரு காரிலும் அது தொற்றிக்கொள்ள முடியும். ஒரே ஊசியை எல்லோருக்கும் போடும் மருத்துவரைப் போல. 2015-இல் ஜீப் செரோகி காரைத் தொலைவிலிருந்து இணையம் வழியே கட்டுப்படுத்திக் காட்டிய பிறகு 14 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. ஜீப்பைத் தயாரிக்கும் குழுமம் பின்னர் ஓபிடி போர்ட்டுக்கும் வண்டியின் உள் வலையமைப்புக்கும் நடுவே ஒரு காவல் கதவையே வைத்தது. இதெல்லாம் உண்மை. ஆனாலும் ஆனேக்கல் ஷெட்டில் நிற்கும் வேகன்ஆருக்கு அருகில் இருக்கும் ஆபத்து ஆணியில் தொங்கும் சாவிதான். ஹேக்கரைப் பற்றிப் பேசும் மூச்சில் பாதியையாவது அந்தப் பலகைக்குச் செலவிடலாம்.

கருவிகளைக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு வெளியே விடாமல் பூட்டிவிட்டால் எல்லாம் சரியாகும் என்று வாதிடுபவர்கள் உண்டு. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது இந்தப் பூட்டுக்காகத்தான். உதிரி பாகங்களையும் ஸ்கேனர் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் வைத்திருந்தது குற்றம் என்றது. ஆணையம் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கம்பெனி சென்டரிலும் சாவிப் பலகை உண்டு, அங்கும் ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். ஐரோப்பா வேறு வழி எடுத்திருக்கிறது. சாவி, இம்மொபிலைசர் சம்பந்தப்பட்ட தகவல் வெளி மெக்கானிக்குக்கும் கிடைக்கும். ஆனால் அவர் செர்மி என்ற திட்டத்தில் சரிபார்க்கப்பட்டு அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும்.

வண்டி முழுசாகத் திரும்பி வந்தாலும் அதே வண்டிதானா என்ற சந்தேகம் சிலரை விடாது. நான்கு புது டயர் போட்ட வண்டியில் ஸ்டெப்னி பழசாக மாறியிருக்கலாம். மூன்று மாத பேட்டரி மூன்று வருடப் பேட்டரியாகியிருக்கலாம். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2323 என்றால் 2023-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பேட்டரிக்கும் வரிசை எண் உண்டு. கீழே, புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைச் சொந்தக்காரர் பார்ப்பதே இல்லை; அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருப்பதால் அதற்குத் தனிச் சந்தை இருக்கிறது. மாருதி ஈக்கோ வேன்களின் சைலென்சர்களைக் கழற்றிப் போன கும்பல்கள் குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் பிடிபட்டிருக்கின்றன.

நம்பர் பிளேட்டும் கவனிக்க வேண்டியதே. 2019 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகளுக்கும் உயர் பாதுகாப்புப் பதிவுப் பலகை வேண்டும் என்று கர்நாடகம் 2023 ஆகஸ்டில் அறிவித்தது. அதைப் பிடித்திருக்கும் பூட்டு ஒருமுறை மாட்டினால் உடைத்துத்தான் எடுக்க முடியும். பம்பருக்கு டிங்கர் வேலை, பெயிண்டிங் என்று வந்தால் பிளேட் கழன்று மூலையில் கிடக்கும். அது கையோடு திரும்பி வந்து, புதுப் பூட்டு போட்டு மாட்டப்பட்டதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

திரைக்குள் இருப்பதும் சொத்துதான். ப்ளூடூத்தில் ஒருமுறை இணைத்த போனின் பெயர்ப் பட்டியல் பல கார்களில் வண்டியிலேயே தங்கிவிடுகிறது. மேப்பில் ‘வீடு’ என்று ஒரு பட்டன். அழுத்தினால் வாசல்வரை வழி காட்டும். இதோடு வீட்டுச் சாவியும் கார்ச் சாவியும் ஒரே கொத்தில் இருந்தால், முகவரியும் சாவியும் சேர்ந்தே ஆணியில் தொங்குகின்றன. 2019-இல் ஹூண்டாய் வென்யூவும் எம்ஜி ஹெக்டரும் இணைய வசதியோடு வந்தது முதல், வண்டி இருக்கும் இடத்தைப் போனிலேயே பார்ப்பதும், குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் எச்சரிக்கை பெறுவதும் சாதாரணக் கார்களிலும் வந்துவிட்டன. சிலவற்றில் வாலே மோடு உண்டு. அதைப் போட்டால் திரையில் இருக்கும் சொந்தத் தகவல்கள் மறைந்துவிடும். பலர் இதை ஒருமுறைகூடத் தொட்டிருக்க மாட்டார்கள்.

இன்ஷூரன்ஸ் பக்கம் இரண்டு விஷயம். வண்டியைக் காக்க நியாயமான எல்லா நடவடிக்கைகளையும் எடுக்க வேண்டும் என்பது பாலிசியின் நிபந்தனை. திருட்டுக்கு இழப்பீடு கேட்டால் நிறுவனம் முதலில் கேட்பது இரண்டு ஒரிஜினல் சாவிகளை. ஒன்று ஷெட்டில் தொலைந்திருந்தால் அதை எழுத்தில் காட்ட ஜாப் கார்டு வேண்டும். மற்றது, ரிப்பேருக்கு விட்ட வண்டியை மெக்கானிக் தரப்பினர் ஓட்டி வேறொருவருக்குக் காயம் ஏற்பட்டால் என்ன ஆகும் என்பது. 1988-இல் உச்ச நீதிமன்றம் இப்படி ஒரு வழக்கில், பாதிக்கப்பட்டவருக்கு உரிமையாளரின் இன்ஷூரன்ஸ் நிறுவனமே பணம் கொடுக்க வேண்டும் என்றது. அடிபட்டவருக்கு அது நல்ல தீர்ப்பு. பாலிசி ஒரு நாள்கூடக் காலாவதியாகாமல் இருக்க வேண்டும் என்பதே உரிமையாளருக்கு இதில் உள்ள பாடம்.

வண்டி போய்விட்டால் எல்லைப் பிரச்சினைக்காகத் தயங்க வேண்டியதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். இணையம் வழி கொடுத்தால் மூன்று நாளுக்குள் கையெழுத்திட வேண்டும். நுகர்வோர் வழக்கிலும் இதே வசதி. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி புகார்தாரர் தாம் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். ஆனேக்கலில் காரை விட்ட ஓசூர்க்காரர் கிருஷ்ணகிரி மாவட்ட ஆணையத்துக்கே போகலாம். செலுத்திய தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம் விசாரிக்கும், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வழி கேட்க 1915 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது.

எல்லாப் புகாருக்கும் அடிப்படை ஜாப் கார்டு என்ற அந்த ஒரு தாள்தான். சின்ன ஷெட்டில் அச்சிட்ட கார்டு இருக்காது. “அண்ணா, இதுல ஒரு கையெழுத்து போட்டுடுங்க” என்று வெள்ளைத் தாளை நீட்டினால் போதும், பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. தேதி, நேரம், ஓடோமீட்டர், எரிபொருள் அளவு, டயர் இலக்கங்கள், பேட்டரி எண், கொடுத்த சாவி எத்தனை, ட்ரையல் தூரம். எழுத ஐந்து நிமிடம். அதே தாளைப் போட்டோ எடுத்து மெக்கானிக்கின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே கணக்கு இருக்கும். இது மெக்கானிக்கையும் காக்கிறது. வரும்போதே இருந்த கீறலுக்கு அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை.

வண்டியைத் திரும்ப எடுக்கும்போது தாளையும் வண்டியையும் ஒத்துப் பார்த்து, ப்ளூடூத் பட்டியலில் புதிதாக ஏறிய போன்களை அழித்துவிட்டு, கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். இம்மொபிலைசரில் எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்பதைப் பல கார்களில் ஸ்கேனரே காட்டும். மெக்கானிக் அதைச் செருகித் திரையைத் திருப்பிக் காட்டினால் போதும். இரண்டு சாவி உள்ள வண்டிக்கு அங்கே 2 என்று இருக்க வேண்டும். 3 என்று இருந்தால், வீட்டில் இருக்கும் இன்னொரு சாவியையும் கொண்டுவந்து, பழைய பதிவுகளை எல்லாம் அழித்து, கையில் இருக்கும் இரண்டை மட்டும் மறுபடி பதிவு செய்துகொண்டுதான் வண்டியை ஷெட்டை விட்டு எடுக்க வேண்டும்.